மூன்று தலைமுறைப் பெயர்களும் சொல்லப்படாத நோய்களும்

ஆடி அமாவாசை நாளில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் இடம் கிடைக்க வேண்டுமானால் விடியும் முன்பே போய்விட வேண்டும். காவிரியில் நீராடி ஈர உடையுடன் வரிசையாக அமர்ந்திருப்போரிடம் புரோகிதர்கள் கேட்பது ஒன்றைத்தான்: அப்பா பெயர், தாத்தா பெயர், கொள்ளுத் தாத்தா பெயர். கேட்பவர் வேகமாகக் கேட்கிறார். சொல்பவர் மூன்றாவது பெயரில் தடுமாறுகிறார். கைப்பேசியில் ஊரிலுள்ள அண்ணனை அழைத்துக் கேட்டுச் சொல்பவர்களும் உண்டு. தந்தை வழியில் மூன்று தலைமுறை, தாய் வழியில் மூன்று தலைமுறை என ஆண், பெண் இருபாலர் பெயரும் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கும் மரபு பல குடும்பங்களில் இன்றும் தொடர்கிறது. மகாளய பட்சத்தில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும். மக்கள் இல்லாமல் போன சித்தப்பா, இளம் வயதில் மறைந்த அத்தை, உடன்பிறந்தோர் ஆகியோரும் காருண்ய பித்ருக்களாக அதில் இடம் பெறுவார்கள்.

அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். ஆனால், சென்ற ஆண்டு என் சித்தி மகளுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, திருச்சியில் ஒரு மருத்துவரின் அறையில் அவளுடன் அமர்ந்திருந்தபோது, அதே தலைமுறைகள் வேறு விதமாக விசாரிக்கப்பட்டன. பாட்டி எந்த வயதில், எதனால் இறந்தார்? அவருடைய சகோதரிகள் எத்தனை பேர்? அத்தைகளில் யாருக்கேனும் கருப்பையிலோ, சினைப்பையிலோ கட்டி இருந்ததா? பெயர்கள் எங்களுக்குத் தெரிந்திருந்தன. கோத்திரமும் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் தெரிந்திருந்தன. யார் எதனால் இறந்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

பரம்பரையாக வரும் மரபணுப் பிறழ்வுகளால் கூடும் புற்றுநோய் ஆபத்தைப் பற்றி நம் நாட்டில் பேசும்போதெல்லாம் ஆய்வகங்கள் குறித்தும் அவற்றின் கட்டணம் குறித்துமே பேச்சு நிற்கிறது. அவை முக்கியமானவையே. ஆனால், அந்தப் பரிசோதனை யாருக்குத் தேவை என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அதற்கான தகவல் எந்த ஆய்வகத்திலும் இல்லை. குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. அதைக் கேட்டறிந்து பதிவு செய்ய நம் பொதுச் சுகாதார அமைப்பில் இன்று ஏற்பாடு இல்லை. கேட்டாலும் வாய் திறக்காத அளவுக்குக் குடும்பங்களுக்கு அச்சங்கள் இருக்கின்றன. அந்த அச்சங்களில் சில நியாயமானவை என்பதுதான் இதில் சிக்கல்.

அளவைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரை நோய்கள் அல்ல. மொத்தத்தில் 5 முதல் 10 விழுக்காடுதான் பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணுப் பிறழ்வின் விளைவு. புகையிலை, மது, உடல் பருமன், தொற்று, முதுமை ஆகியவையே மற்றவற்றின் பின்னணியில் இருக்கின்றன. காரணம் சொல்ல முடியாதவையும் உண்டு. எனினும் இந்தியாவில் ஆண்டுக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். மேற்சொன்ன விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், ஆண்டுதோறும் 70,000 முதல் 1.4 லட்சம் பேருக்கு நோயின் வேர் குடும்பத்தில் இருக்கிறது என்றாகிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால், இன்னும் நோய் வராத உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் இருக்கின்றனர். இந்தத் துறையின் உண்மையான பயனாளிகள் அவர்கள்தாம்.

நம் மரபணுக்களில் ஏறத்தாழ எல்லாமே இரண்டிரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. உயிரணு பிரியும்போதும், அன்றாட இயக்கத்தின்போதும் டி.என்.ஏ. இழைகள் அறுபடுவது வழக்கம். அவற்றைப் பழுது பார்க்கும் வேலையைச் செய்பவற்றில் முக்கியமானவை, 17-ஆவது குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ-1, 13-ஆவது குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ-2 ஆகிய மரபணுக்கள். இவற்றில் ஒன்றின் ஒரு பிரதி பழுதாகவே ஒருவர் பிறந்திருந்தாலும் மற்றொரு பிரதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. வாழ்நாளில் ஏதோ ஓர் உயிரணுவில் அந்த நல்ல பிரதியும் கெட்டால், அங்கே பழுதுகள் சேரத் தொடங்குகின்றன. எனவே, பிறழ்வோடு பிறந்தவர் நோயோடு பிறந்தவர் அல்லர். பிறர் இரண்டு தடைகளைக் கடந்தால்தான் அடையும் இடத்தை அவர் ஒரு தடையைக் கடந்ததும் அடைந்துவிடுகிறார் என்பதே வேறுபாடு.

இந்த இரண்டு அடிக் கோட்பாட்டை அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் முன்வைத்தார். விழித்திரையில் குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்கு ஆளான 48 பேரின் விவரங்களைக் கொண்டு, பேனாவும் காகிதமும் வைத்து அவர் கணக்கிட்டு அடைந்த முடிவு அது. அதற்குக் காரணமான ஆர்பி-1 மரபணு பிரித்தெடுக்கப்பட்டது 1986-இல்தான். இரவில் எடுத்த ஒளிப்படத்தில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்வது இந்நோய்க்காகத்தான். இரு கண்களிலும் வந்தால் அது பரம்பரைப் பிறழ்வு என்றே கொள்ளப்படுகிறது. அடுத்த குழந்தையின் கண்களைப் பிறந்த சில நாள்களிலேயே பரிசோதிக்க வேண்டும். மதுரை, சென்னைக் கண் மருத்துவ நிறுவனங்களில் இதற்கான மரபணு ஆய்வு நீண்ட காலமாக நடைபெற்று வருகிறது. புற்றுநோய் மரபியலில் தமிழகத்துக்குப் பழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆபத்து எவ்வளவு கூடுகிறது? பிறழ்வு உள்ள ஏறத்தாழ 10,000 பெண்களைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, பிஆர்சிஏ-1 பிறழ்வு உள்ளவர்களில் 72 விழுக்காட்டினருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயும், 44 விழுக்காட்டினருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரக்கூடும். பிஆர்சிஏ-2 பிறழ்வில் இவை முறையே 69, 17 விழுக்காடு. பொதுவாக இந்தியப் பெண்களில் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாவோர் ஏறத்தாழ 30 பேருக்கு ஒருவர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பத்தினர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களை வரவழைக்கும் லிஞ்ச் நோய்க்குறியும் இதே வகையைச் சேர்ந்ததே. நம் ஊரில் அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் அதிகம்.

இவையெல்லாம் எப்படித் தெரிய வந்தன என்பது கவனிக்கத்தக்கது. 1895-இல் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியல் பேராசிரியர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவருடைய குடும்பத்துக்குத் துணி தைத்துக் கொடுத்து வந்த பெண் ஒருவர், தன் வீட்டில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்தே இறந்திருக்கிறார்கள், தானும் அப்படித்தான் இறப்பேன் என்று சொன்னார். அப்படியே இறந்தும் போனார். வார்த்தின் அதைப் புலம்பல் என்று ஒதுக்கிவிடவில்லை. அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். லிஞ்ச் நோய்க்குறியின் வரலாறு ஒரு தையற்காரப் பெண்மணியின் குடும்ப நினைவிலிருந்து தொடங்குகிறது. மேரி கிளேர் கிங் 1990-இல் பிஆர்சிஏ-1 இருக்குமிடத்தை 17-ஆவது குரோமோசோமில் குறித்துக் காட்டியதும் இவ்வாறே. இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் பலர் இருந்த குடும்பங்களை அவர் பல ஆண்டுகள் தேடித் தொகுத்திருந்தார். தங்கள் வீட்டில் யார் எதனால் இறந்தார்கள் என்று சொல்ல அக்குடும்பங்கள் முன்வந்திருக்காவிட்டால் அந்த ஆராய்ச்சி நடந்திருக்காது.

எங்கள் குடும்பக் கதைக்குத் திரும்புகிறேன். அவளுடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். மருத்துவர் கேட்ட பிறகு, தாய்வழிப் பாட்டியைப் பற்றியே நாங்கள் எல்லோரும் விசாரித்துக்கொண்டிருந்தோம். மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா வழியில்தான் வரும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. மருத்துவமனைப் படிவங்கள் சிலவற்றிலும் தாய்க்கு உண்டா, சகோதரிக்கு உண்டா என்ற கேள்விகளே இருக்கின்றன. பாட்டி 84 வயது வரை நோயின்றி வாழ்ந்தவர் என்று தெரிந்ததும் நிம்மதி அடைந்தோம். பரிசோதனை முடிவு பிஆர்சிஏ-1 பிறழ்வு என்று வந்தது. அது வந்த வழி என் சித்தப்பா. எழுபது வயதில் நாள்தோறும் உத்தர வீதியைச் சுற்றி நடக்கும், ஒரு மாத்திரைகூட விழுங்காத மனிதர். அவருடைய தமக்கை லால்குடியில் 48 வயதில் மகோதரத்தில் இறந்தார் என்று மகாளயத் தர்ப்பணத்தில் ஆண்டுதோறும் பெயர் சொல்லி நீர் விடுபவர் அவர். மகோதரம் என்பது வயிற்றில் நீர் கோத்து வீங்குவது. ஈரல் கெட்டாலும் அது வரும். முற்றிய சினைப்பைப் புற்றுநோயிலும் வரும். அந்தச் சொல்லை நாற்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். பொருளை யாரும் கேட்கவில்லை.

தமிழில் புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்தது அண்மையில்தான். அதற்கு முன்பு அந்நோயில் இறந்தவர்கள் மகோதரத்திலும் பெரும்பாட்டிலும் பிளவையிலும் தீராத சீதபேதியிலும் இறந்தார்கள். வயிற்றில் கட்டி, உள்ளே புண், ரத்தமாகப் போயிற்று, நாளாக நாளாக இளைத்துப் போனாள் என்பவையும் அந்த அகராதியில் சேரும். ஒவ்வொன்றும் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால், ஐம்பது வயதுக்குள் இறந்த ஓர் அத்தையின் பெரும்பாடும், அவருடைய தம்பியின் தீராத சீதபேதியும் ஒரே வீட்டில் இருந்தால், லிஞ்ச் நோய்க்குறியை நினைக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே கேள்வி கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை வைத்துக்கொண்டு, உங்கள் குடும்பத்தில் கேன்சர் உண்டா என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். அது பொய்யான பதிலும் அல்ல.

தந்தை வழி மறைந்து போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிறழ்வு உள்ள ஆண்கள் பெரும்பாலும் நோயின்றியே வாழ்கிறார்கள். பிஆர்சிஏ-2 பிறழ்வில் அவர்களுக்குப் புராஸ்டேட், கணையம், அரிதாக மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனாயினும் மகளாயினும், அவர்கள் அப்பிறழ்வைக் கொடுக்கும் வாய்ப்பு சரிபாதி. ஆண்களே மிகுதியாக உள்ள குடும்பத்தில் இரண்டு தலைமுறை அமைதியாகக் கடந்து, பேத்திக்கு நோய் வரும்போது, எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே என்று எல்லோரும் வியப்பார்கள். மணமாகிப் போன பெண்கள் வேறு கோத்திரம், வேறு குடும்ப அட்டை, வேறு ஊர் என்று ஆகிவிடுவதால் அத்தைகளின் நோய்கள் நம் கணக்கில் வருவதும் இல்லை.

சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கமும் இதில் கவனிக்க வேண்டியது. கிழக்கு ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ 40 பேரில் ஒருவருக்கு மூன்று குறிப்பிட்ட பிஆர்சிஏ பிறழ்வுகளில் ஒன்று இருக்கிறது. சிறிய முன்னோர் குழுவிலிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்துகொண்டதன் விளைவு அது. அவற்றுள் ஒன்றான 185டெல்ஏஜி என்ற பிறழ்வு தென்னிந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும் கண்டறியப்பட்டபோது ஆய்வாளர்கள் வியந்தனர். அத்தகைய ஓர் இந்தியக் குடும்பத்தின் மரபணுச் சூழலை ஆராய்ந்தபோது, அது யூதர்களிடமிருந்து வந்ததன்று, இங்கேயே தனியாகத் தோன்றியது என்று தெரியவந்தது. ஹைதராபாதில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விரிவானது. தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்ததில், 81 குழுக்களில் இந்த முன்னோர் விளைவு அஷ்கெனாசி யூதர்களிடமும் ஃபின்லாந்து மக்களிடமும் உள்ளதைவிட வலுவாக இருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட சமூகங்களும் அவற்றில் அடங்கும். அத்தை மகளையும் மாமன் மகளையும் மணப்பது வேறொரு வகைச் சிக்கல். இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களை அது கூட்டும். ஒரு பிரதி போதுமான பிஆர்சிஏ வகைப் புற்றுநோய்க்கு அதன் மீது பழி போடுவது பொருந்தாது. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மேடைகளில் பேசுவோரும் விதிவிலக்கல்லர்.

இஸ்ரேல் 2020 முதல் அஷ்கெனாசி வழிப் பெண்களுக்கு இப்பரிசோதனையை அரசு மருத்துவத் தொகுப்பில் சேர்த்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2024-இல், பாட்டன் பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலே இலவசப் பரிசோதனை என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம் சமூகங்களில் எங்கெங்கே எந்தப் பிறழ்வு மிகுதி என்ற வரைபடம் இருந்தால் இங்கும் குறைந்த செலவில் இதைச் செய்யலாம். பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. இந்திய மார்பகப் புற்றுநோய்களின் மரபணுத் தரவுத் தொகுப்பை வெளியிட்டது. இவை பயன்படப் போவது உயர்ந்த ஆராய்ச்சிகளுக்கு மட்டுமல்ல. இந்தியர்களின் பரிசோதனை முடிவுகளில், பொருள் தெளிவற்ற மாற்றம் என்ற குறிப்பு மேலைநாட்டினருக்கு வருவதைவிட அதிகமாக வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகள் ஐரோப்பியருடையவை என்பதே இதற்குக் காரணம். இருபதாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டு, ஒரு மாற்றம் இருக்கிறது, அது தீங்கானதா என்று சொல்ல முடியாது என்ற விடையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்தத் தாள் மன அழுத்தத்தைத் தவிர வேறெதையும் தருவதில்லை.

ஆகவேதான், நோயற்ற ஒருவர் இணையத்தில் பெட்டி வாங்கி எச்சில் அனுப்பிச் சோதித்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் நோய் வந்தவருக்கே பரிசோதனை செய்ய வேண்டும். அவரிடம் பிறழ்வு கண்டறியப்பட்டால், உறவினர்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு பெரிதும் குறையும், விடையும் ஐயமின்றி வரும். பிறழ்வு இல்லை என்று தெரிந்த உறவினர் மற்றவர்களைப் போலவே வாழலாம். இருக்கிறது என்று தெரிந்தவருக்குச் செய்வதற்கு நிறையவே இருக்கிறது. பிஆர்சிஏ பிறழ்வு உள்ள பெண்களுக்கு 25 வயது முதல் ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ, 30 முதல் அதனுடன் மேமோகிராம் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. மகப்பேறு முடிந்த பின், 35 முதல் 40 வயதுக்குள் பிஆர்சிஏ-1 பிறழ்வு உள்ளவர்கள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டால் சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 80 விழுக்காடு குறைகிறது. சினைப்பைப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் நம்பகமான வழி இன்னும் இல்லாததால் இதற்கு மாற்று இல்லை. லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர்கள் 20 அல்லது 25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுகளுக்கொரு முறை பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொண்டால், கட்டி புற்றாக மாறும் முன்பே அகற்றிவிடலாம். நோய் வந்தவர்களுக்கும் பயன் உண்டு. ஒலபாரிப் போன்ற மருந்துகள் பிஆர்சிஏ பிறழ்வு உள்ள கட்டிகளுக்கென்றே உருவானவை. ஆஞ்சலினா ஜோலி 2013-இல் தம் மார்பகங்களை அகற்றிக்கொண்டதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அந்த அறுவைச் சிகிச்சை பல வழிகளில் ஒன்று மட்டுமே என்பதை நம்மவர்கள் அவ்வளவாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

இவ்வளவு செய்ய முடியும் என்றால் குடும்பங்கள் ஏன் மறைக்கின்றன? திருமணம் முதல் காரணம். ஒரு பெண்ணுக்குப் பிறழ்வு என்று தெரிந்தால் அவளுக்கும் அவள் தங்கைகளுக்கும் வரன் அமையாது என்ற பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஜாதகத்தில் செவ்வாய் இருக்கிறதா என்று பார்த்து வரனை ஒதுக்கும் ஊரில், ஆய்வகத் தாள் ஒன்று கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆணுக்கும் அதே சரிபாதி வாய்ப்பில் பிறழ்வு இருக்கக்கூடும் என்றாலும் மாப்பிள்ளையிடம் யாரும் அந்தத் தாளைக் கேட்கப் போவதில்லை.

அடுத்தது காப்பீடு. இதய நோயாளி ஒருவருக்கு மரபணுக் கோளாறு என்ற காரணம் காட்டிக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட வழக்கில், அப்படிப் பொத்தாம்பொதுவாக விலக்குவது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுக்கு எதிரானது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பொதுவான கருத்துகளில் ஒரு பகுதிக்குப் பின்னர் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. மருத்துவக் காப்பீட்டில் மரபணு நோய்களை ஒட்டுமொத்தமாக விலக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அறிவுறுத்தியிருப்பது ஓர் ஆறுதல். ஆனால், நோயே வராத ஒருவரின் பரிசோதனை முடிவைக் கேட்டு, ஆயுள் காப்பீட்டையோ வேலையையோ மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 2008-இல் இயற்றப்பட்ட மரபணுத் தகவல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாதுகாப்பு தருகிறது. ஆயுள் காப்பீட்டை அதுவும் விட்டுவிட்டது. நம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் 2019-ஆம் ஆண்டு வடிவில் மரபணுத் தகவல் நுண்ணுணர்வுத் தரவு என்று தனியாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. குடும்பங்கள் பேச வேண்டும் என்று அறிவுரை கூறும் அரசு, பேசியதால் இழப்பு வராது என்ற உறுதியை முதலில் தர வேண்டும்.

திருச்சிக்கு என்ன வேண்டும் என்பதற்கு வருகிறேன். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த கனவே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. அங்கே பரம்பரைப் புற்றுநோய்க்கான ஆலோசனையும் மரபணு ஆய்வும் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் முதலே நடந்து வருகின்றன. தமிழகத்துப் பிறழ்வுகள் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி அங்கிருந்து வந்தது. ஆனால், அடையாறு திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நோய் வந்தவர் மலைக்கோட்டை விரைவு ரயிலில் இரவு முழுவதும் பயணம் செய்து அங்கே போவார். நோயே வராத அவருடைய தங்கை, கூலி நாளை விட்டுவிட்டு, ஒரு மரபணுவைப் பார்க்கப் போவாரா?

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குத் திருச்சியிலிருந்து மட்டுமல்லாமல் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இத்தகைய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற மரபணு ஆலோசகர் ஒருவர் இருந்தால் போதும். ஆய்வகம்கூட அங்கேயே வேண்டியதில்லை. ரத்த மாதிரியைக் குளிர்பெட்டியில் சென்னைக்கு அனுப்பலாம். ஆளைத்தான் அப்படி அனுப்ப முடியாது. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டி அகற்றப்படும்போதெல்லாம், அதன் திசுவில் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமிட்டுப் பார்ப்பது லிஞ்ச் நோய்க்குறியைச் சல்லடையில் பிடிக்கும் மலிவான வழி. இதை நோயியல் துறையில் வழக்கமாக்குவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. மாவட்ட மருத்துவமனைகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும், 2025-26-இல் மட்டும் 200 மையங்கள் என்று மத்திய நிதிநிலை அறிக்கை கூறியது. கீமோதெரபிக்காக நோயாளி மணிக்கணக்கில் படுத்திருக்கும் அந்த மையங்களில்தான் குடும்ப வரலாற்றைப் பொறுமையாகக் கேட்கவும் நேரம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு தங்கையோ மகளோ அருகில் அமர்ந்திருப்பார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் 2021 முதல் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள பதிவேட்டில் இன்னும் மூன்று கேள்விகள் சேரலாம். இந்த வீட்டில், அப்பா வழியிலோ அம்மா வழியிலோ, ஐம்பது வயதுக்குள் இறந்த பெண்கள் யார்? மாரிலோ வயிற்றிலோ கட்டி, மகோதரம், பெரும்பாடு யாருக்கு இருந்தது? ஒரே வகை நோய் எத்தனை பேருக்கு? இதைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. உள்ளூர்ச் சொற்கள் தெரிந்திருந்தால் போதும். அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் நோய் வந்த பின்னான சிகிச்சையை மையமாகக் கொண்டவை. நோய் வராத உறவினருக்கான பரிசோதனையும் ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய எம்ஆர்ஐயும் அவற்றில் சேராவிட்டால், பிறழ்வைக் கண்டுபிடித்துச் சொல்வது ஏழைக்கு இழைக்கும் கொடுமையாகவே முடியும். இந்த ஒரு காரணத்துக்காக, பரவலாகப் பரிசோதனை நடத்தலாம் என்று அவசரப்படுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பின்தொடர் கவனிப்புக்கு வழி செய்த பிறகே பரிசோதனையை விரிவாக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வந்த பிறழ்வு என் தாய் வழியில் வரவில்லை. சித்தப்பா வழியில் வந்தது. அதனால் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ அதில் ஆபத்து இல்லை. இதை வெளிப்படையாக எழுதும் துணிவு எனக்கு எளிதாக வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தங்கைக்குச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்களாகின்றன. அவளுடைய மகளுக்கு 16 வயது. இப்போது பரிசோதனை வேண்டாம், வயது வந்த பின் அவளே முடிவெடுக்கட்டும் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். லால்குடி அத்தைக்கு மக்கள் இல்லை. உறையூரில் இருக்கும் சித்தப்பாவின் தங்கைக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு 33 வயது, இளையவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணம் முடிகிற வரைக்கும் இதைச் சொல்ல வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டார். சித்தப்பா இரண்டு மாதம் பொறுத்திருந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில், தர்ப்பணத்துக்கு எழுதி வைத்திருக்கும் அதே வரிசையில், பெயர்களுக்கு எதிரே வயதும் நோயும் எழுதி, தன் பரிசோதனை முடிவின் நகலையும் சேர்த்து, மூத்தவளிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவள் அடுத்த வாரம் தங்கையுடன் மருத்துவரைப் பார்க்கப் போகிறாள். அத்தை இன்னும் சித்தப்பாவோடு பேசவில்லை.